நஞ்சு ஊற்றியும் அணையாத கோடு

கஞ்சியில் கரையும் ஈஸ்ட் பசையின் வாசம். கிள்ளானில் பேருந்துகள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சீனர் கடை. அன்று காலை பக்கத்து மேசைக்காரர் போத்தலிலிருந்து கறுப்புப் பசையைக் கரண்டியால் வழித்து, ஆவி பறக்கும் கஞ்சியில் விட்டுக் கலக்கினார். ஆவி திரும்பி என்மேல் வந்தது. உப்பு, கருகிய மாவு, அடியில் கொஞ்சம் மாமிசம். அவருக்கு அது காலைப் பசி. எனக்கு அது லேப்.

மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு நாங்கள் காய்ச்சி ஊற்றிய சாறும் ஈஸ்ட்தான். அழுத்தக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அறையும் ஆவி இதேதான். தலைமுடியில் ஏறிக்கொண்டால் இறங்காது. ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். அந்த வாசத்தில் என் இளமை கழிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். கழிந்தது இளமை அல்ல. அதற்குப் பிந்தையது, எதையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாத வயது. கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்தேன். கடைக்காரர் பின்னால் கூப்பிட்டு, "ஆன்டி, கோப்பி நல்லா இல்லையா?" என்றார், எங்கள் தமிழிலேயே. நல்ல கோப்பிதான். மூக்குதான் நல்ல மூக்கு இல்லை.

லேப் என் தோழியுடையது. காப்பார் பக்கம் ஒரே செம்பனைத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே லோரியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனோம். அவள் மேலே மேலே படித்துப் பேராசிரியர் ஆனாள். நான் தொழிற்சாலைகளின் சோதனைக்கூடங்களில் எண்ணெயையும் தண்ணீரையும் சோதித்துக் களைத்து, நடு வயதில் அவளிடம் ஆராய்ச்சி அதிகாரியாகச் சேர்ந்தேன். பெயரில் மட்டும் அதிகாரி. ஆண்டு முடிந்தால் ஒப்பந்தம் முடியும். அவள் மேலிடத்தில் வாய் திறந்து கேட்டால் நீளும்.

"இந்த வேல மட்டும் நல்லா வரட்டும்டி. ஒன்ன பெர்மனன்ட் ஆக்கிட்டுத்தான் மறுவேல. தோட்டக் கம்பெனியே புது லேப் கட்டித் தர்றேங்குது" என்பாள். அது பொய் இல்லை. அந்தக் காலத்தில் அவள் சொன்ன எதுவும் பொய் இல்லை.

அந்த வேலை எங்கள் தோட்டத்து மண்ணைப் பற்றியது. எங்கள் இருவரின் தாய்மார்களும் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு அந்த மண்ணில்தான் மருந்து அடித்தார்கள். பூச்சிக்கு அடிக்கும் நஞ்சைத் தோட்டத்தில் யாரும் நஞ்சு என்று சொன்னதில்லை. என் அம்மா எப்போதோ போய்விட்டார். தோழியின் அம்மா இருக்கிறார். விரல் நகங்கள் பலவும் விழுந்து, முளைத்தவை மரப்பட்டை போல் முளைத்த கைகளோடு கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். அத்தனை காலம் நஞ்சு குடித்த மண்ணில் உயிரோடிருக்கும் பாக்டீரியா ஏதாவது நஞ்சை அறுத்துத் தின்னப் பழகியிருக்கும் என்று தோழி நினைத்தாள். நியாயமான நினைப்பு. தோட்டத்துக்குப் போய் மண்ணைத் தோண்டி எடுத்து வந்தோம். அதில் வளர்ந்த ஒரு பாக்டீரியாவின் மரபெழுத்தைப் படித்துக் கணினிக்குக் கொடுத்தோம். கணினி அதன் நொதிகளுக்கு வரிசையாகப் பெயர் சொன்னது. உயிருக்குள் ஒட்டுவதும் வெட்டுவதுமான வேலைகளைச் செய்கிற புரதங்கள்தான் நொதிகள். அதில் ஒன்றின் பெயர், பூச்சிமருந்தை அறுக்கும் நொதி.

தோழி அன்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கணினி எப்படிப் பெயர் வைக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா. சாயலை வைத்து. முன்பே பெயருள்ள ஒன்றைப் போல் இருந்தால் இதற்கும் அதே பெயர். அந்த முன்னதற்கும் யாரோ சாயல் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் வழியில் நிறுத்தி, "மூக்கப் பாத்தாலே தெரியுதே, நீ லோரி டிரைவர் மவதானே" என்று கேட்பார்கள். இல்லை என்றால் கேட்டவருக்குக் கோபம் வரும். அதே முறைதான். உலகத்தின் எல்லா லேப்புகளும் இந்தத் தோட்டத்துப் பழக்கத்தில்தான் பாதி நொதிகளுக்குப் பெயர் வைத்திருக்கின்றன. பெயர் வந்ததும் தோழி வானொலிக்குப் போனாள், கோயில் நிகழ்ச்சிக்குப் போனாள், கம்பெனிக்காரர்களைப் பார்த்தாள். எங்கம்மா அடிச்ச மருந்தத் தின்னுற பாக்டீரியா எங்க மண்ணுலயே இருக்கு என்று சொன்னாள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அது தின்கிறதா என்று இன்னும் நாங்கள் பார்க்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டபோது அத்தை என்னிடம் கேட்டார். தோழியின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏண்டி, அந்தப் பூச்சி, மருந்தத் தின்னுதாமே. ரேடியோல சொன்னா இவ. ருசியா இருக்குமோ?"

"தின்னுதான்னு இன்னும் பாக்கல அத்த."

"பாக்காமலேயா சொன்னா?"

அடுப்படியிலிருந்து தோழி, "அம்மா, நீங்க சாப்டுங்க லா" என்றாள்.

"நான் சாப்டுட்டுத்தான் இருக்கேன். அந்தக் காலத்துலயும் நாங்கதான் சாப்ட்டோம், மருந்தோட சேத்து." அத்தை சிரித்தார். நான் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

லேப்பில் அதற்கு ப்ரோப் என்று பெயர். நான் தூண்டில் என்பேன். கண்ணுக்கு எட்டாத ஒரு சின்ன மூலக்கூறு. ஒரு முனையில் கொக்கி, மறு முனையில் ஒளிரும் சாயத்தைப் பிறகு கோத்துக்கொள்ள ஒரு வளையம். நொதிக்கு வாய் போல ஒரு குழி உண்டு, அதன் வேலையெல்லாம் அங்கேதான். உயிர்ப்போடு இருக்கும் வாய் மட்டுமே கொக்கியைக் கவ்வும். கவ்வினால் விடாது. பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றில் தூண்டிலைப் போட்டு, புரதங்களை ஒரு ஜெல் பலகையில் ஓடவிட்டால், கவ்வியவை மட்டும் திரையில் கோடு கோடாக எரியும். சரி, வாய் இருப்பது தெரிந்துவிட்டது. அது தின்பது எதை? தூண்டில் போடுவதற்கு முன்பே, நாம் சந்தேகப்படும் உணவை அதற்கு ஊற்ற வேண்டும். அதுதான் உண்மையான உணவு என்றால் வாய் அதில் மூழ்கிவிடும், தூண்டிலைத் தொடாது. கோடு அணையும். உணவு அது இல்லையென்றால் கோடு எரிந்துகொண்டே இருக்கும்.

அணைந்தால்தான் விடை. எல்லோரும் வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் உலகில் இருட்டுக்குக் காத்திருக்கும் பிழைப்பு.

பூச்சிமருந்தை ஊற்றினேன். தூண்டில் போட்டேன். ஸ்கேனர் அறையில் தோழி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. திரையில் படம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கியது. எங்கள் கோடு அதன் இடத்தில் இருந்தது. எரிந்துகொண்டிருந்தது. மருந்து ஊற்றாத வரிசையில் எப்படியோ, மருந்து ஊற்றிய வரிசையிலும் அப்படியே.

"கொஞ்சம் கொறஞ்ச மாரி இல்ல?" என்றாள்.

"இல்ல."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன்."

மறுபடி செய்தேன். மருந்தை மாற்றினேன், புதிதாகப் பாக்டீரியா வளர்த்தேன், சாற்றைப் பனிக்கட்டிக்குள் வைத்தேன். கோடு எரிந்தது. அணைய மறுக்கும் அந்தக் கோட்டின் மேல் எனக்கு மெல்ல ஒரு பிரியம் வந்தது. உனக்கு நாங்கள் வைத்த பெயர் பிடிக்கவில்லை, புரிகிறது, உன் பெயர்தான் என்ன? அலமாரியில் இருந்த மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன். சாப்பிட மறுக்கும் குழந்தைக்குக் கிண்ணம் கிண்ணமாக நீட்டுவது போல.

ஒரு பிற்பகலில் அணைந்தது.

அணைத்தது எது என்று பார்த்தேன். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வெளியே விடுகிற ஒரு சமிக்ஞை மூலக்கூறு. மண்ணுக்குள் ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அது சேரச் சேர, நாம் பலராக இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியும். தெரிந்த பிறகே சேர்ந்து எதையாவது செய்யத் துணியும். எங்கள் நொதி அந்தச் சமிக்ஞை மூலக்கூறின் வளைய வடிவத்தை அறுக்கிறது. அக்கம்பக்கத்தார் பேசுவதை நடுவழியில் வெட்டிவிடுகிறது. இந்தச் சமிக்ஞையைக் கேட்டால் ஊதா நிறமாக மாறும் பாக்டீரியா ஒன்று உண்டு. அதைத் தட்டு முழுக்கப் பரப்பி, சமிக்ஞையையும் கலந்து, நடுவில் எங்கள் நொதியை ஒரு சொட்டு வைத்தேன். தட்டு முழுக்க ஊதா. சொட்டு வைத்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம். அங்கே பாக்டீரியா சாகவில்லை, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது.

நான் வாழ்க்கையில் கண்டுபிடித்தது அந்த வெள்ளை வட்டம்தான். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். நல்ல விஞ்ஞானி. பார்த்ததுமே புரிந்திருக்கும். புரிந்ததை அவள் முகத்தில் ஒரு கணம் பார்த்தேன். அந்தக் கணத்துக்காக இன்றும் அவளை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

"அழகா இருக்குடி" என்றாள். பிறகு, "இத வெச்சி நான் என்ன பண்றது?"

"உண்மைய சொல்லலாம். கணினி தப்பா பேரு வெச்சிருக்குன்னு சொல்லலாம். இதுவும் பெரிய விஷயம்தானே."

"யாருக்குப் பெரிய விஷயம்? கம்பெனிக்காரன் அடுத்த வாரம் வர்றான். அவன்கிட்டப் போயி, மருந்தத் திங்காது பாஸ், ஆனா பக்கத்து வூட்டு வாய மூடும்னு சொல்லவா?"

"சொல்லு."

"ஒனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ." சொல்லிவிட்டு நிறுத்தினாள். எங்கே போவேன் என்று இருவருக்கும் தெரியும். பகல் போல் தெளிவாகத் தெரியும், எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு அவளே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். பேராசிரியர் ஆன பிறகு அவள் பைப்பெட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மருந்தின் அளவைக் கூட்டினாள். மேலும் கூட்டினாள். சாறு பால் போலத் திரிந்து கலங்கும் அளவுக்கு ஊற்றினாள். நான் பக்கத்து பெஞ்சில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரையில் அவள் படம் இறங்கியபோது எங்கள் கோடு அணைந்திருந்தது. அந்த வரிசையில் இருந்த மற்ற எல்லாக் கோடுகளும்கூட அணைந்திருந்தன. அத்தனை நஞ்சில் எந்தப் புரதமும் பிழைக்காது. நன்றாகச் சாப்பிட்டவனும் தூண்டிலைத் தொடமாட்டான், செத்தவனும் தொடமாட்டான். தூண்டில் வேலையில் ஏமாந்துபோக இருக்கும் இடம் இது ஒன்றுதான். புதிதாக வரும் ஆட்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள்.

"பாத்தியா, அணைஞ்சிருச்சு" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"எல்லாமே அணைஞ்சிருக்கு. அது திங்கல, செத்துருக்கு."

"நம்ம கோட மட்டும் பாரு."

அவள் சுட்டியை இழுத்து ஒரு கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் எங்கள் கோடு இருந்த இடம் மட்டும், மருந்து இல்லாத வரிசையில் வெளிச்சம், மருந்து உள்ள வரிசையில் இருட்டு. மற்ற கோடுகள் கட்டத்துக்கு வெளியே போயின. சின்ன, சுத்தமான, நம்பத்தக்க ஒரு படம் மிஞ்சியது.

கம்பெனி ஆட்கள் வந்த அன்று நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வந்தவர்களில் மூத்தவர் தமிழர், நரைத்த மீசை, கழுத்தில் டை, பணிவான குரல். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான் என்று தேநீர் வேளையில் சொன்னார்கள். தோழி பேசினாள், நன்றாகவே பேசினாள். அம்மாவின் கைகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் படத்தைப் போட்டாள். பிறகு யாரும் கேட்காமலே, "இது எங்க சீனியர் ஆபீசர் தன் கையால செஞ்ச வேல" என்று என் பக்கம் கையை நீட்டினாள்.

இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, அது தாராள மனமா, பொறியா. இரண்டும் ஒரே கையால் நீட்டக்கூடியவை.

மூத்தவர் திரும்பினார். "அப்டியாம்மா? எத்தன தடவ செஞ்சாலும் இப்டித்தான் வந்துச்சா?"

தோழி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதற்குள் என் நாற்காலி இருந்தது, முதுமை இருந்தது, நிரந்தரம் இருந்தது. ஒற்றைச் சொல்லுக்குள் அவ்வளவும் அடங்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இந்தப் படம் நான் செஞ்சது இல்ல சார். நான் செஞ்சப்ப மருந்துக்கு அது அணையல."

"அப்ப அது என்னதான் செய்யுது?"

"பக்கத்துல இருக்குற பாக்டீரியா பேசுறத அறுக்குது."

அவர் மீசையைத் தடவினார். "அந்த வேலைக்கு எங்க வீட்லயே ஒருத்தங்க இருக்காங்கம்மா" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. தோழியும் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். வாய் இழுபட்ட நினைவு இருக்கிறது.

அவர்கள் மரியாதையாகக் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. தோழி என்னைத் திட்டவில்லை. அடுத்த நாள் என் பெஞ்சைக் கடந்து போனாள், அதற்கடுத்த நாளும் கடந்து போனாள். ஆண்டு முடிந்தபோது மேலிடத்தில் அவள் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதான். ஒருவரை வெளியே அனுப்ப எதையும் செய்ய வேண்டியதில்லை, ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும்.

சில மாதங்கள் கழித்து அவளே அழைத்தாள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடை ஒன்றில் மதியச் சாப்பாடு. எதிரெதிரே உட்கார்ந்தோம். அவளுக்குப் பிடித்த பாகற்காய் வறுவலை என் இலையிலும் வைக்கச் சொன்னாள். எனக்குப் பிடிக்காது என்பது மறந்துபோயிருந்தது, அல்லது மறக்கவில்லை.

"இளைச்சிட்டடி."

"நடக்குறேன்."

"எங்க?"

"சும்மா. ரயிலடி வரைக்கும், திரும்பி."

கொஞ்ச நேரம் சாப்பிட்டோம். ரசம் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற ஒரு கம்பெனி கேக்குது. நம்ம லேப்புல இருந்த பழைய ஆளுங்க கிட்ட விசாரிப்பாங்க. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். அன்னிக்கி சாறு பழசு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு. அடுத்த மாசமே ஒன்ன உள்ள எடுத்துக்குறேன். சத்தியமா."

"நீ நம்புறியா? அது மருந்தத் தின்னுதுன்னு?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எங்கம்மா வெரல ஒனக்குத் தெரியும். அந்த மண்ணுலருந்து ஒரே ஒரு நல்லது வந்துச்சுன்னு சொல்ல எனக்கு ஒண்ணு வேணும்டி. ஒண்ணே ஒண்ணு."

"அதுக்குப் பாக்டீரியா என்னடி பண்ணும்?"

அவள் கண் கலங்கியது. என் கண் கலங்கவில்லை, அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. அவள் அம்மாவுக்கு நேர்ந்தது என் அம்மாவுக்கும் நேர்ந்தது. அதை ஈடுகட்ட அவள் ஒரு நொதியைக் கேட்டாள். நான் எதையும் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு உண்மை மட்டும் மிஞ்சியது. உண்மையை வைத்துக்கொண்டு அடுத்த மாத வாடகையைப் பற்றி யோசிக்கும்போது அது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. இருந்தாலும் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

"என்னால சொல்ல முடியாது" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கேட்டுப் பாத்தேன்."

இலையை மடித்தோம். கை கழுவிவிட்டு வெளியே வந்தோம். பூ விற்பவரின் குடைக்குப் பக்கத்தில் நின்றோம். மேலே மோனோரயில் வளைந்து போனது. எதிர்க்கடையில் யாரோ சேலையை உதறி வெயிலில் விரித்துக் காட்டினார்கள். அவள் காரை வேறு பக்கம் விட்டிருந்தாள், நான் ரயிலுக்கு. இனிச் சேர்ந்து நடக்க ஓரடிகூட இல்லாத இடம். அவள் கைப்பையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டு கேட்டாள்.

"நம்ம பாக்டீரியா இருக்குற டியூப்ப ப்ரீசர்ல எங்கடி வெச்ச? புது ஆளு வருது, எடம் வேணும். இனி அது எதுக்கு, பழசெல்லாம் தூக்கிப் போடணும்."

"மூணாவது தட்டு, பச்ச மூடி. போடுறதா இருந்தா வெளுப்புத் தண்ணி ஊத்திட்டுப் போடு. அது இன்னும் உயிரோடதான் இருக்கு."